ஒன்றும் நடக்காதவரின் சாட்சி

அந்தச் சபையில் சாட்சி சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சமாவது ரத்தம் சிந்தியிருக்க வேண்டும். அப்படியொரு சட்டம் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாட்டெல்லாம் முடிந்து, பாஸ்டர் மைக்கை ஒரு தட்டுத் தட்டி, "ஆண்டவர் செஞ்ச நன்மையைச் சொல்ல விரும்புறவங்க வரலாம்" என்றதும் எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் விளங்கிவிடும். பாதிக் காதோடு ஒரு லாரி டிரைவர் போவார். மீதிக் காது முன்கண்ணாடியோடு போன விதத்தை, சில்லு எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது வரை சொல்லுவார். திருந்திய குடிகாரர் ஒருவர் மாமனாரின் மண்டையில் பாட்டிலை உடைத்த கதையை மாமனாரையே பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொல்லுவார்; சரியான இடம் வந்ததும் மாமனார் குனிந்து தழும்பைக் காட்டுவார். சபை "ஸ்தோத்திரம்" சொல்லும். முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

கறிக்கடைக்காரருக்கு இங்கேதான் இடித்தது. பொழுதுக்கும் ரத்தத்தில் நிற்கிற மனிதர் அவர். ஆனால் அத்தனையும் ஆட்டு ரத்தம். குடித்ததில்லை, அது அவர் நாக்குக்குப் பிடிக்கவில்லை. அடிதடிக்குப் போனதில்லை, போனால் கடையை யார் பார்ப்பது. பெரிய நோய் எதுவும் வந்ததில்லை. மனைவி கோபித்துக்கொண்டு போனதில்லை. கோபத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்வாள். பாஸ்டர் எப்போதாவது அவர் பக்கம் பார்த்து, "நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்றால், "ஒண்ணுமில்ல பாஸ்டர், எல்லாம் நல்லாருக்கு" என்பார். சபையில் அவருக்கு "ஒண்ணுமில்ல அண்ணன்" என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஒரே ஒரு முறை துணிந்து மைக்கைப் பிடித்தார். "புதுச் செருப்பு வாங்கினேன். கடிக்கும்னு நெனச்சேன். கடிக்கல. ஆண்டவருக்கு நன்றி," என்றார். சபை அடுத்த வரிக்குக் காத்திருந்தது. செருப்பு கடிக்காத காரணத்தால் ஏதோ ஒரு சக்கரத்தின் அடியிலிருந்து தப்பி ஓடினார் போலிருக்கிறது என்று சிலர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்கள். அடுத்த வரி வரவில்லை. பாஸ்டர், "ஆமென், உக்காருங்க" என்றார்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனைவி பேசவில்லை. கதவைத் திறந்து உள்ளே போனதும் பேசினாள்.

"செருப்பு. சபை முழுக்க உக்காந்திருக்கு, இவரு செருப்புக்கு நன்றி சொல்றாரு. என் தம்பியப் பாருங்க. அவன் எந்திரிச்சான்னா சபையே நடுங்குது."

"அவனுக்கு நடந்துச்சு, சொல்றான். எனக்கு எதுவும் நடக்கலையே."

"நடக்காது. உங்களுக்கு ஒண்ணும் நடக்காது," என்றாள், சாபம் கொடுப்பதுபோல.

தம்பி என்றால் கறிக்கடைக்காரருக்கு மச்சினன். சபையில் அவனுக்கு "வீச்சு" என்று பெயர். பாவத்தில் கிடந்த காலத்தில் அவனுக்கு அந்தப் பெயர் கிடையாது. மனந்திரும்பிய பிறகு அவனே வைத்துக்கொண்டது. வெளியூரில் சில வருடம் இருந்தான். அங்கே என்ன செய்தான் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. திரும்பி வந்து சபையில் சேர்ந்த புதிதில், "அங்க நான் நல்லவனா இருக்கல" என்று மட்டும் சாட்சி சொன்னான். அதற்குக் கிடைத்த ஸ்தோத்திரம் போதவில்லை. அடுத்த முறை, "அடிதடியில இருந்தேன்" என்றான். ஸ்தோத்திரம் பெருகப் பெருகப் பாவமும் பெருகியது. கடைசியில் அது ஒரு சாயங்காலம், ஒரு தண்ணீர்த் தொட்டி, தொட்டியடியில் நீலச் சட்டை போட்ட ஒரு லேத் தொழிலாளி, அவருடைய வலது கையைச் சாக்கின்மேல் விரித்துவைத்து ஒரே வெட்டில் நான்கு விரல் என்கிற இடத்தில் வந்து நின்றது. "கட்டைவிரலை மட்டும் விட்டேன். ஏன் விட்டேன்னு எனக்கே தெரியல. அதுதான் கிருபை," என்று அவன் குரல் உடையும்போது லாரி டிரைவர் இருக்கிற பாதிக் காதையும் பொத்திக்கொள்வார்.

சபை இளைஞர்கள் அதை வீடியோ எடுத்து, "நான்கு விரல்களை வெட்டியவன் இன்று நற்செய்தி சொல்கிறான்" என்று தலைப்புப் போட்டு ஏற்றிவிட்டார்கள். பெரிய மைதானக் கூட்டமொன்றில் வந்து பேசச் சொல்லி அவனுக்கு அழைப்புகூட வந்தாயிற்று.

சனிக்கிழமைகளில் கடையில் கூட்டம் தாங்காது என்பதால் மச்சினன் வந்து கல்லாவில் உட்காருவான், வெட்டுக்கட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. "ரத்தத்தப் பாத்தா பழைய கை துறுதுறுன்னு வருது மாமா. வேணாம்." ஒருநாள் ஈரல் தட்டு கைதவறி அவன் மடியில் கவிழ்ந்தபோது, அவன் கண் செருகிச் சுவரோடு சரிந்ததைக் கறிக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். பழைய கை அப்படித்தான் துறுதுறுக்கும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

அவர் தன் சாட்சியைத் தினமும் கடை திறக்குமுன் குளிர் அறைக்குள் போய், தோலுரித்துத் தொங்கும் ஆடுகளுக்கு நடுவே நின்று சொல்லிவிடுவார். அங்கே யாரும் அடுத்த வரிக்குக் காத்திருப்பதில்லை. கத்தி மழுங்கவில்லை, நன்றி. நேற்று முதுகு வலிக்கவில்லை, நன்றி. மனைவி திட்டினாள், திட்டுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறாள், நன்றி.

அந்தச் சனிக்கிழமை வரிசையில் ஒரு பைப் ஃபிட்டர் நின்றார். தோளில் கருவிப் பை. யாரையும் முந்தவில்லை, யாரையும் முந்தவும் விடவில்லை. முறை வந்ததும், "அரைக் கிலோ, எலும்போட" என்றார். கறிக்கடைக்காரர் வெட்டி, நிறுத்து, பையில் போட்டு நீட்டினார். அதை வாங்கிக் கையில் தொங்கவிட்டபடி, "இங்க வீச்சுங்கறது யாருங்க?" என்று கேட்டார்.

மச்சினன் திரும்பினான். வீடியோ வந்த பிறகு இப்படி இரண்டொருவர் தேடி வந்ததுண்டு. "நான்தான் பிரதர்," என்று சிரித்தான்.

பைப் ரெஞ்ச் அந்தச் சிரிப்பின்மேலேயே விழுந்தது.

இரண்டு பற்கள் கல்லாப்பெட்டிச் சில்லறைக்குள் போய் விழுந்தன. வரிசை மொத்தமும் தெருவுக்கு ஓடியது. எலும்பில்லாத கறி கேட்டிருந்த கணக்கு டீச்சர் மட்டும் வாசற்படியிலேயே நின்று, கல்லாமேல் கட்டிவைத்திருந்த தன் பையின்மேல் ஒரு கண் வைத்திருந்தார். கறிக்கடைக்காரர் தடுக்கப் பாய்ந்தார். ரெஞ்சின் மறுவீச்சு அவர் விலாவில் இறங்கியது. உள்ளே ஏதோ காய்ந்த குச்சிபோல் முறிந்தது. மூச்சு போய், திரும்பி வர நேரமெடுத்துக்கொண்டது. அதற்குள் பைப் ஃபிட்டர் மச்சினனின் தலைமயிரைச் சுற்றிப் பிடித்துத் தரதரவென்று இழுத்துவந்து, முகத்தை வெட்டுக்கட்டையில் ஒருமுறை மோதி, இன்னொருமுறையும் மோதி, அவனுடைய வலது கையைக் கட்டையின்மேல் வைத்து மணிக்கட்டை முழங்காலால் அமுக்கினார். கொக்கியில் தொங்கிய பெரிய கத்தியை எடுத்தார்.

"விரலை விரி."

"அண்ணே," என்றார் கறிக்கடைக்காரர், தரையிலிருந்து.

"என் தம்பி லேத் ஓட்டினவன்," என்றார் பைப் ஃபிட்டர். குரல் உயரவில்லை. "மயிரிழை பிசகாமக் கடைவான். இப்ப அவன் சட்டைக்கு நான் பட்டன் போட்டு விடறேன். தெனமும். யாரு வெட்டினதுன்னு அவனுக்குத் தெரியாது, கண்ணைக் கட்டிட்டாங்க. சாக்கு மேல கைய வச்சாங்கன்னு போலீஸ்கிட்டகூட நாங்க சொல்லல. இவன் மைக்குல சொல்றான். ஜனங்க கை தட்டுது."

"இவன் வெட்டலண்ணே. இவனுக்கு வெட்டத் தெரியாது."

"அவனே சொல்றானே."

"மாப்ள, நீ வெட்டலன்னு சொல்லுடா."

மச்சினன் கண்ணை இறுக்கி மூடியிருந்தான். மூடிய கண்ணுக்குள் அவனுக்கு என்ன தெரிகிறது என்று கறிக்கடைக்காரரால் ஊகிக்க முடிந்தது: மைக், முன்வரிசை, பெரிய மைதானம், அதில் தன் படம் போட்ட பேனர். நான்கு விரலா, சாட்சியா. அவன் நிறுத்துப் பார்த்தான்.

"நான்தான் வெட்டினேன்," என்றான், வாயில் ரத்தம் கொப்பளிக்க. "ஆனா இப்ப நான் புது மனுஷன்."

"புது மனுஷனுக்கும் விரல் அதே எடத்துலதான இருக்கு," என்று பைப் ஃபிட்டர் கத்தியை இறக்கினார்.

கறிக்கடைக்காரர் முழு உடம்பையும் அவர்மேல் எறிந்தார். கத்தி விலகி மரத்தில் ஆழமாகப் பதிந்தது. போகிற போக்கில் மச்சினனின் நடுவிரல் நகத்தைப் பாதியாகச் சீவிக்கொண்டு போனது. மச்சினன் கண்ணைத் திறந்தான். தன் நகத்தைப் பார்த்தான். விழி மேலே செருக, ஈரத்துணி நழுவுவதுபோல் கட்டையிலிருந்து வழிந்து தரையில் படுத்தான்.

பைப் ஃபிட்டர் கத்தியைப் பிடுங்கியபடி நின்றார். "என்னாச்சு இவனுக்கு?"

"ரத்தம் பாத்தா இப்படித்தான். ஈரலுக்கே விழுவான்."

பைப் ஃபிட்டருக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை வருடம் சுமந்து வந்த கோபத்தை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைத்தது என்று வந்தவருக்குச் சந்தேகம் வந்தால் என்ன ஆகும். மயங்கிக் கிடந்தவனின் வயிற்றில் பூட்ஸ் காலால் உதைத்தார். எலும்பு கழுவும் வாளித் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தார். எழுந்து உட்கார்ந்தவனின் கையில் கத்தியைத் திணித்து, ரெஞ்சைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"வெட்டத் தெரியுதா இல்லையான்னு பாத்துருவோம். அந்த ஆட்டுக்காலை ரெண்டாப் போடு. ஒழுங்கா விழுந்துச்சுன்னா உன் கையும் விழும்."

கறிக்கடைக்காரர் எழுந்து, ஒரு கையால் விலாவை அமுக்கிக்கொண்டு, மறு கையால் ஆட்டுக்கால் உருளாமல் பிடித்துக்கொண்டார். வாடிக்கையாளருக்கு எதிரே கறி உருளக்கூடாது, கைப்பழக்கம். "மாப்ள, கண்ணைத் தொறந்துக்கிட்டு வெட்டு."

"தொறந்தா மயக்கம் வருது மாமா."

தப்பி வெட்டினால் பிழைப்பான். ஆனால் அவன் ஓங்கிய வேகத்தைப் பார்த்தால் சரியாக வெட்ட முயன்றான் என்றுதான் தோன்றியது. சாட்சியை நிரூபிக்க அவனுக்கு வேறு வழி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் ஓங்கி, ஒரே வெட்டு.

ஆட்டுக்கால் முழுசாக இருந்தது. கறிக்கடைக்காரரின் இடது சுண்டுவிரல் தனியாகக் கிடந்தது.

எலும்புத் துண்டுகளுக்கு நடுவே அது கடைச் சரக்கு மாதிரியே இருந்தது. கத்தி நன்றாகத்தான் சாணை பிடித்திருக்கிறது என்பதே அவருக்கு முதலில் தோன்றியது. பிறகுதான் வலி வந்தது. வந்த வலி கையோடு நிற்கவில்லை. தோள், கழுத்து, தாடை, கண் என்று ஏறிப்போய் மண்டைக்குள் ஆணி அறைந்தது. ரத்தம் துடித்துத் துடித்துப் பீய்ச்சி மச்சினனின் முகத்தில் அடித்தது.

மச்சினன் இந்த முறை மயங்கவில்லை. முகத்தைத் துடைக்கவும் இல்லை.

"நான் வெட்டல," என்றான். "மாமா, நான் வெட்டவே இல்ல. பார்சல் குடோன்ல மூட்டைக்குச் சீட்டு ஒட்டிட்டிருந்தேன். சத்தம் கேட்டு வந்து டிரம்முக்குப் பின்னால ஒளிஞ்சேன். எல்லாத்தையும் பாத்தேன். நான் ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடியிருப்பாங்க. போடல. சட்டையை வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டேன். அவங்க போனப்புறம்கூட வெளிய வரல. உங்க தம்பி கூப்பிட்டாரு. யாராவது இருக்கீங்களான்னு கூப்பிட்டாரு. நான் இருந்தேன்."

பைப் ஃபிட்டரின் கையிலிருந்த ரெஞ்ச் கீழே இறங்கியது. "வெட்டினது யாரு?"

"அந்த ஆளு அடுத்த வருஷமே லாரியில மாட்டிச் செத்துட்டான். பேப்பர்ல மூஞ்சி போட்டிருந்தாங்க."

"அப்ப நீ வெட்டினேன்னு ஏண்டா சொன்ன?"

மச்சினன் தரையைப் பார்த்தான். "ஒளிஞ்சிருந்தேன்னு சொன்னா யாரும் ஸ்தோத்திரம் சொல்லமாட்டாங்க."

பைப் ஃபிட்டர் எலும்பு டிரம்மின்மேல் உட்கார்ந்தார். அடிக்க ஆளில்லாத கை இரண்டும் முழங்கால்மேல் கிடந்தன. ரத்தம் கட்டையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணே," என்றார் கறிக்கடைக்காரர். "தப்பா நெனச்சுக்காதீங்க. ரத்தம் நிக்கல."

பைப் ஃபிட்டர் நிமிர்ந்து பார்த்தார். கருவிப் பையைத் திறந்து, குழாய் மரையில் தண்ணீர் கசியாமலிருக்கச் சுற்றுகிற வெள்ளை டேப்பை எடுத்து, வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். ஒரு சுற்றுகூடப் பிசகவில்லை.

"இறுக்கமா இருக்கா?"

"கசியலேன்னா போதும்."

விரலை ஐஸோடு ஒரு பையில் போட்டுக் கல்லாமேல் வைத்தான் மச்சினன். ஆஸ்பத்திரிக்குப் பைப் ஃபிட்டரின் வண்டியில்தான் மூவரும் போனார்கள். டாக்டர் பையைப் பிரித்துப் பார்த்து, "இது முக்கால் கிலோ கறி. இதை எங்க ஒட்டணும்?" என்றார். கணக்கு டீச்சர் அமைதி திரும்பியதும் உள்ளே வந்து தன் பை என்று நினைத்து மற்றதை எடுத்துப் போயிருந்தார். சாயங்காலம் கறிக்கடைக்காரரின் வீட்டுக்கே வந்து நீட்டினார். "நான் எலும்பில்லாமதானே கேட்டேன்?" அதற்குள் ஒட்டுகிற நேரம் தாண்டியிருந்தது.

மறுநாள் காலையில் மனைவி கண் வீங்கி நின்றாள். சட்டைப் பட்டனைப் போட்டுவிட வந்தாள். "விடு," என்றார் அவர். மேல் பட்டனிலிருந்து தொடங்கினார். கட்டுப் போட்ட கை ஒத்துழைக்கவில்லை. ஒவ்வொரு அசைவும் விலாவில் குத்தியது. கடைசிப் பட்டன் துளைக்குள் போனபோது நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

சபையில் நிற்க இடமில்லை. ஒண்ணுமில்ல அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற செய்தி அதற்குள் எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. வாசலில் வரவேற்ற லாரி டிரைவர் பொறாமையை மறைக்க முடியாமல் அவர் கையிலிருந்த கட்டுத்துணியை உற்றுப் பார்த்தார். இளைஞர்கள் இன்னொரு கேமரா கொண்டுவந்திருந்தார்கள். பாஸ்டர் மைக்கைத் தட்டவே இல்லை. நேராக அவர் கையில் கொடுத்தார்.

"திங்கக்கிழமை ஒண்ணும் நடக்கல. நன்றி," என்றார் கறிக்கடைக்காரர். "செவ்வாய்க்கிழமை கொஞ்சம் கறி மிஞ்சிச்சு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். நல்லாருந்துச்சு. நன்றி. புதன் ஒண்ணும் நடக்கல."

சனிக்கிழமைக்கு வரும்படி கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒருவன் கையைச் சுழற்றினான்.

"வியாழன், வெள்ளியும் அப்படித்தான். அதுக்கும் நன்றி. சனிக்கிழமை ஒரு விரல் போச்சு. விரல் போனதுக்கு நன்றி சொல்ல என்னால முடியல. வலிக்குது. ஆண்டவர்கிட்டப் பொய் சொல்லக்கூடாது. ஆனா இன்னைக்குக் காலைல என் சட்டைக்கு நானே பட்டன் போட்டேன். இத்தனை வருஷமாப் போடறேன், ஒருநாளும் நன்றி சொன்னதில்ல. இன்னைக்குச் சொல்றேன். அவ்வளவுதான்."

சபை அடுத்த வரிக்குக் காத்திருந்தது. வரவில்லை. அவர் போய் உட்கார்ந்தார்.

மச்சினன் எழுந்தான். உதடு வீங்கி, இரண்டு பல் இல்லாமல், சொற்கள் காற்றோடு வந்தன. "நான் யாரையும் வெட்டல. அந்த மனுஷன் கூப்பிட்டப்ப டிரம்முக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தேன். இதுதான் நான். மைதானக் கூட்டத்துக்கு வேற ஆளப் பாத்துக்கங்க."

ஒரு குரல்கூட எழவில்லை. முன்வரிசைப் பெண்கள் துடைக்கத் தயாராக எடுத்த கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டார்கள். அவன் மைக்கை வைக்கவும் தெரியாமல், நிற்கவும் தெரியாமல் நின்றான்.

"ஸ்தோத்திரம்," என்றார் கறிக்கடைக்காரர், இருந்த இடத்திலிருந்தே, விலா வலிக்க வலிக்க, உரக்க. சற்றுப் பொறுத்துப் பக்கத்திலிருந்து அவர் மனைவியும் சொன்னாள். அதற்குமேல் யாரும் சொல்லவில்லை.

அந்த வீடியோவையும் இளைஞர்கள் ஏற்றத்தான் செய்தார்கள். யாரும் பார்க்கவில்லை.

கடை மறுபடி திறந்த முதல் சனிக்கிழமை மச்சினன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வெட்டுக்கட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்தான். மத்தியானத்துக்குள் இரண்டு முறை மயங்கினான். கணக்கு டீச்சர் இரண்டு முறையும் தண்ணீர் தெளித்துவிட்டு மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டார்.

கூட்டம் குறைந்த நேரத்தில் பைப் ஃபிட்டர் வரிசையில் நின்றார். கூடவே இன்னொருவர், சட்டைப் பட்டன்கள் கழுத்து வரை ஒழுங்காகப் போட்டு, வலது கையைக் கால்சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு. முறை வந்தது.

"அரைக் கிலோ," என்றார் அந்த இன்னொருவர். "எலும்போட."

கறிக்கடைக்காரர் ஒன்பது விரலால் மெதுவாக வெட்டி, நிறுத்து, பையை மச்சினனிடம் கொடுத்தார். அந்த மனிதர் கால்சட்டைப் பையிலிருந்து வலது கையை வெளியே எடுத்து நீட்டினார். மச்சினனின் முகம் வெளுத்தது. நாற்காலிக் கையை ஒரு கணம் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பிறகு எழுந்து, கண்ணை மூடாமல், கறிப் பையின் இரண்டு காதுகளையும் சேர்த்து அந்தக் கட்டைவிரலில் மாட்டினான்.